மழை விட்டு மூன்று நான்கு வாரம் கழித்து டெங்கு கூடுவது ஏன்?

அடைமழையில் கொசுவையே காணோம், மழை விட்ட பிறகுதான் டெங்கு என்கிறார்கள், அப்புறம் மழைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ காய்ச்சல் போல. இல்லாவிட்டால் யார் இதையெல்லாம் கேட்கப் போகிறார்கள்?

நான் பூச்சியியல் படித்தவனல்ல. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு தேடும் வேலையைச் சில வருடம் பார்த்தவன். பட்டத்தைக் காட்டு என்று வருபவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ், பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. மழைத்தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரியும். புழு கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். அது நோயாளியைக் கடித்து, வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வர, 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 நாள். அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் காண இன்னும் 4 முதல் 10 நாள். கூட்டிப் பாருங்கள், உங்கள் மூன்று நான்கு வாரம் வந்துவிடும். அடைமழை புழுவையே அடித்துக்கொண்டு போய்விடும். விட்டுவிட்டுப் பெய்வதுதான் வினை.

நல்ல கோடையில் ஒரு வீட்டுக்காரர், "மழையே இல்ல, என்னத்த தேடுறீங்க?" என்று வாசலிலேயே மறித்தார். கெஞ்சி உள்ளே போய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை இழுத்தேன். புழு நெளிந்தது. அதற்கும் அவர், "கொசு சாக்கடையிலதானே வரும்?" என்றார். சாக்கடையில் வருவது க்யூலெக்ஸ். யானைக்கால் நோய்க்குக் காரணமாகலாம், டெங்குவுக்கு அல்ல. கனமழையில் சாக்கடை அலசிக்கொண்டு போவதால் மழையில்லாத மாதங்களில்தான் அது பெருகும். ஏடிஸுக்கோ நாம் தண்ணீர் பிடித்துவைக்கும் கோடையும் சௌகரியம்தான்.

ஆனால் யார் கேட்கிறார்கள்? காய்ச்சல் பரவிய பிறகு புகை அடித்தால் எல்லோருக்கும் திருப்தி. அந்தப் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. எங்களிடம் மட்டும் தினமும் எத்தனை வீடு பார்த்தாய் என்றுதான் கேட்பார்கள். என்ன கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. சம்பளமும் ஒழுங்காக வந்ததில்லை, அது வேறு கதை.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தொட்டி, வாளியின் உட்சுவரை வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், மழை வருமுன்பே. கொசுவலை போதாதா என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு: ஏடிஸ் கடிப்பது பகலில். பகல் முழுக்க வலைக்குள் உட்கார முடியுமென்றால் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.