இலையானுக்கு யார் ஊசி போட்டது?

கேள்வி: இலையான் மலத்திலும் குப்பையிலும் இருந்து எழும்பி வருகிறது. அதற்கு ஒரு வருத்தமும் வருவதில்லை. இயற்கையே அதைக் காக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இத்தனை தடுப்பூசி? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: இலையானுக்கு வருத்தம் வராது என்று யார் சொன்னது? செத்த இலையானை யாரும் பிரேத பரிசோதனைக்கு அனுப்புவதில்லை, அவ்வளவுதான். பூச்சிகளையும் கிருமி கொல்லும்: நுளம்புக் குடம்பிகளைக் கொல்லப் பல நாடுகளில் தண்ணீரில் போடுகிற பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் ஒரு பற்றீரியாதான்.

சரி, ஊத்தையில் உழன்றும் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது? இதை அதிகம் ஆராய்ந்தது இலையானின் சொந்தக்காரனான பழ ஈயில். திருநெல்வேலிச் சந்தையில் அளவுமீறிக் கனிந்த கறுத்தக்கொழும்பானைச் சுற்றுமே, அந்தக் குட்டி ஈ. பற்றீரியாவின் சுவரில் பெப்ரிடோகிளைக்கன் என்றொரு பொருள் உண்டு. ஈயின் உடம்பு அதைத் தானாக உண்டாக்குவதில்லை. ஆகவே அதன் துண்டு தட்டுப்பட்டால் வந்திருப்பது அந்நியன் என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டிலும் வகை பார்க்கிறது. ஈ.கோலை போன்றவற்றின் சுவர் என்றால் ‘இம்ட்’ என்ற வழியும், ஸ்ரபிலோகொக்கஸ் போன்றவற்றின் சுவர் என்றால் ‘டோல்’ என்ற வழியும் முடுக்கப்படும். பூஞ்சணம் வந்தாலும் டோல்தான். எந்த வழியில் போனாலும் செய்தி சேருமிடம் கொழுப்புடலம். ஈரல் நமக்குச் செய்கிற பல வேலைகளை ஈக்குச் செய்வது அதுதான். அங்கே மரபணுக்கள் விழித்து, சில மணி நேரத்திலேயே கிருமிகொல்லும் சிறு புரதங்கள் இரத்தத்தில் கொட்டப்படும். அவற்றில் பல, பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைத்துக் கொல்பவை. கிருமியை விழுங்குகிற இரத்தக் கலங்களும் உண்டு. காயம் பட்ட இடம் கறுத்து மூடிக்கொள்வதும் இதே பாதுகாப்பின் ஒரு பகுதி.

டோல் பழுதான ஈக்கள் பூஞ்சணத் தொற்றில் செத்துப்போவதை 1996இல் பிரான்சில் ஜூல் ஹொஃப்மனின் ஆய்வுகூடம் காட்டியது. 2011இல் அவருக்கு நோபல் பரிசிலும் பங்கு கிடைத்தது. டோலுக்கு இனமான ஏற்பிகள் உங்கள் உடம்பிலும் இருக்கின்றன. ஆக, இந்த விஷயத்தில் இலையானைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேலாக, ஈயிடம் இல்லாத பிறபொருளெதிரியும், வந்த கிருமியை வருடக்கணக்காக நினைவில் வைக்கும் கலங்களும் உங்களுக்கு உண்டு. தடுப்பூசி வேலை செய்வது அங்கேதான். அந்த வசதி இல்லாத பிராணிக்கு ஊசி போட்டு என்ன பலன்?

இயற்கை அதைக் காக்கிறது என்கிறீர்கள். வளர்ந்த இலையான் சில வாரம்தான் உயிரோடிருக்கும். அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இட்டுவிடும். அதில் முக்கால்வாசி செத்தாலும் வம்சம் தப்பிவிடும். உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?