குடியாத்தத்துக்கு ஒரு டிக்கெட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 24. ஊர் குடியாத்தம். சிறுவயது முதல் திக்குவாய். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள், பயனில்லை. பாடும்போதும் தனியாக இருக்கும்போதும் திக்குவதில்லை. அதனால் இது தன்னம்பிக்கைக் குறைவுதான் என்று அப்பா சொல்கிறார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வராத சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கப் பழகிவிட்டேன். காட்பாடி ஸ்டேஷனில் ‘குடியாத்தம்’ என்று கேட்க வராது என்பதால் ‘ஆம்பூர்’ என்று டிக்கெட் வாங்கி வழியில் இறங்கிவிடுவேன். அடுத்த மாதம் ராணிப்பேட்டையில் ஒரு தோல் நிறுவனத்தில் வேலைக்கான நேர்காணல். முதலில் போனில் பேசுவார்களாம். அதற்குள் தன்னம்பிக்கை வளர என்ன பயிற்சி செய்யலாம்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகலாமா?

வி.

அன்புள்ள வி.,

பாடும்போது திக்குவதில்லை, அதனால் இது தன்னம்பிக்கைக் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முடிவோடு எனக்கு நெடுநாள் பகை உண்டு. அண்மையில் எங்கள் பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயிலில் கூத்துப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

என் தாய்மாமன் ஆரணிப் பக்கத்தில் ஒரு கூத்து ஜமாவில் பின்பாட்டுப் பாடியவர். நம் வட ஆற்காட்டில் பாரதம் நடக்கும் ஊர்களில் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் அதே கதை கூத்தாக நடக்கும். மாமா முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் அருகில் நின்று, வேடக்காரர் பாடும் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார். விடிய விடிய ஓர் எழுத்துகூடத் தட்டாது. ஆள் குறைந்த இரவுகளில் வேடம் கட்டி வசனமும் பேசியிருக்கிறார், அப்போதும் தட்டாது. காலையில் டீக்கடையில் போய் நிற்பார். ‘டீ’ என்ற அந்த ஓர் எழுத்து வெளியே வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்துக் கண்கள் இறுக மூடிக்கொள்ளும். ராத்திரியெல்லாம் பாடினவனுக்கு டீ கேட்க வாய் வராதா, எல்லாம் நடிப்பு, அழுத்தக்காரன் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதற்காகவே சிறுவயதில் வீட்டில் அடி வாங்கியிருக்கிறார்.

ஊர் கண்ணால் கண்டது உண்மை. அதிலிருந்து அது எடுத்த முடிவு கொடுமை. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும், தாளத்துக்குப் பேசும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடும், இன்னொருவராக நடிக்கும்போதும் பலருக்கு அப்படியே என்பது பேச்சு சிகிச்சை தெரிந்த எவருக்கும் பாலபாடம். மூச்சும் குரல்வளையும் நாக்கும் உதடும் நொடியின் மிகச்சிறு பகுதிக்குள் ஒத்துப்போனால்தான் ஒரு சொல் பிறக்கிறது. அந்த நேரக்கணக்கை மூளை தானாகப் போட வேண்டிய இடத்தில் திக்குபவருக்குத் தடங்கல் நேர்கிறது, தாளமோ கூடப் பாடும் குரலோ அதே கணக்கை வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2010இல் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் திக்கலோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களையும் கண்டறிந்தார்கள். குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறது. பெரும்பாலோருக்கு அது தானே விலகிவிட, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரிடம் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது தொடங்குவது 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையில். இரண்டரை வயதுக் குழந்தைக்கு எந்தத் தன்னம்பிக்கை குறைந்து போயிற்று என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ‘தைரியமாகப் பேசு’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், திக்குவது உன் குற்றம் என்றுதான் பிள்ளையின் காதில் விழுகிறது. திக்கல் முதலில் வருகிறது, கூச்சமும் பயமும் அதன் பின்னால் மற்றவர்கள் பார்க்கும் பார்வையால் வருகின்றன.

வசம்பையும் கூழாங்கல்லையும் விட்டுவிடுங்கள். 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கின் அடிப்பகுதியையே அறுத்துப் பார்த்தார். நாக்கில் ஒன்றுமில்லை. சி.எம்.சி.க்குத் தாராளமாகப் போங்கள், அங்கே பேச்சு சிகிச்சை உண்டு. ஒரு மாதத்தில் திக்கலை அடியோடு போக்குவதாக விளம்பரம் செய்பவர்களிடம் மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

என்னைக் கோபப்படுத்தியது அந்த டிக்கெட். அதை ஒரு சாமர்த்தியம்போல எழுதியிருக்கிறீர்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசு பெரிதில்லை. கவுன்டரில் நின்று உங்கள் ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும், ‘குடியாத்தம்’ ஆபத்தான சொல் என்று உங்கள் மூளைக்கு நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். அடுத்த முறை பயம் ஒரு படி கூடியிருக்கும். இன்று ‘கு’ என்றால் நாளை ‘க’வும் சேர்ந்துகொள்ளும். ஹோட்டலில் தோசை வேண்டும் என்று இருக்கும், வாயில் வருவது இட்லி என்பதால் இட்லியைத் தின்றுவிட்டு வருவீர்கள். தெரிந்த விடையைத் தெரியாது என்பீர்கள். சொல்லை மாற்றத் தொடங்கியவன் கடைசியில் தன் விருப்பங்களையே மாற்றிக்கொள்கிறான். இத்தனைக்கும், மாற்றவே முடியாத ஒரு சொல் இருக்கிறது, அது சொந்தப் பெயர். திக்குபவர்களில் பலருக்கு அதுதான் மிகக் கடினமான சொல்லாகவும் இருக்கிறது. நேர்காணலில் முதல் கேள்வியே அதுதான், அங்கே ஆம்பூர் டிக்கெட் எடுக்க முடியாது.

ஆகவே நாளைக்கே காட்பாடிக்குப் போங்கள். ‘குடியாத்தம் ஒன்று’ என்று கேளுங்கள். கு, கு, கு என்று எத்தனை முறை வந்தாலும் வரட்டும். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் சொல்லை முடித்துக்கொடுத்தால் அதற்குப் பிறகும் நீங்களே ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். மறுநாளும் போங்கள்.

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். தாமே திக்கியவரும் அமெரிக்காவில் பேச்சு சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவருமான சார்லஸ் வான் ரைப்பர் தம்மிடம் வந்தவர்களுக்கு ஏறத்தாழ இதைத்தான் கற்றுத்தந்தார். திக்காமல் இருக்க முயல்வதை விட்டுவிட்டு, எளிதாகத் திக்கப் பழகுவது. சொல் அடைத்துக்கொள்ளும்போது தம் கட்டி முட்டாமல், அந்த எழுத்திலேயே நின்று, உதட்டையும் தொண்டையையும் மெதுவாகத் தளர்த்தி, அதே சொல்லை இழுத்தபடி வெளியே வருவது. வேண்டுமென்றே சில இடங்களில் திக்கிக் காட்டுவதும் அவர் முறையில் உண்டு. மறைத்தே தீர வேண்டும் என்ற தவிப்பு போனால் தொண்டையின் இறுக்கமும் பெருமளவு போய்விடுகிறது. கண்ணாடி முன்னால் பேசிப் பழகுவதால் இது வராது, எதிரில் மனிதர் வேண்டும். என் மாமாவுக்கு இதைச் சொல்ல அன்று எங்கள் ஊரில் யாருமில்லை. அவர் கடைசிவரை கூத்தில் மட்டும்தான் பேசினார்.

நேர்காணலைப் பற்றி. போன் பலருக்கும் நேர்ப்பேச்சைவிடக் கடினம், ஏனென்றால் நீங்கள் முயன்றுகொண்டிருப்பது அந்தப் பக்கம் தெரியாது, மௌனம் மட்டுமே கேட்கும். ஆகவே தொடங்கும்போதே, ‘எனக்குத் திக்கும், சில சொற்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லும்போதே திக்கினாலும் நல்லது, விளக்க வேண்டிய வேலை மிச்சம். நடுவில் அவர்கள், ‘ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?’ என்று கேட்டால், ‘இருக்கிறேன், சொல் வந்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அதே சொல்லிலிருந்து தொடருங்கள்.

அன்புடன்