ஹீத்ரோவுக்கு லேட்டான பொண்ணு – கடிதம்

வணக்கம்,

போன வாரம் பிபிசியோட பழைய சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல் டாக்டர் ஹூ பத்தி எழுதினப்ப டீகன்தான் எனக்கு ரொம்பப் புடிச்ச கேரக்டர்னு ஒத்த வரில சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டீங்க. சரின்னு நானும் ரெண்டு கதை தேடிப் பாத்தேன். மன்னிக்கணும், அந்தப் பொண்ணு வர்ற எபிசோடெல்லாம் புலம்பிக்கிட்டேதான் இருக்கு. டாக்டரைத் திட்டுது, கூட வர்ற பையனைத் திட்டுது, கதவைத் திட்டுது. போதாததுக்கு அந்த ஆக்சென்ட் வேற, சப்டைட்டில் போட்டும் காது வலிச்சுது. இதுல அப்படி என்ன நடிப்பைக் கண்டீங்க? நடிச்சவங்க ஆஸ்திரேலியாக்காரங்கன்னு போட்டிருந்துது, அதுக்கப்புறம் பெருசா எதுவும் நடிச்ச மாதிரியும் தெரியல. என்ன ஆனாங்க?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

கதவைத் திட்டுதுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன். திட்டும், இல்லேங்கல. ஆனா ஏன் திட்டுதுன்னு தெரியணும்னா முதல் கதையைப் பாத்திருக்கணும், நீங்க நடுவுல போய் குதிச்சிருக்கீங்கன்னு நெனைக்கிறேன்.

1981ல வந்த லாகோபோலிஸ்ங்கற கதை. டீகன் ஜோவங்கா ஏர்ஹோஸ்டஸ் வேலைக்கு செலக்ட் ஆகி, முதல் ஃப்ளைட்டுக்காக யூனிஃபார்ம், தொப்பி எல்லாம் மாட்டிக்கிட்டு அத்தையோட கார்ல லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்டுக்குப் போயிட்டிருக்கா. வழியில டயர் பஞ்சர். ரோட்டோரமா ஒரு நீலக் கலர் போலீஸ் பாக்ஸ் நிக்குது, அந்தக் காலத்துல அவசரத்துக்கு அதுல இருந்து போலீசுக்கு ஃபோன் பண்ணலாம், சரி உதவி கேக்கலாம்னு உள்ள போறா, உள்ள போனா அது டாக்டரோட டார்டிஸ், அதாவது வேற கிரகத்துக்காரரான அவர் காலத்துலயும் விண்வெளிலயும் சுத்துற வண்டி, முடிவே இல்லாத காரிடார், வெளிய வர வழி தெரியல. இவளைத் தேடி வந்த அத்தையை மாஸ்டர்ங்கற வில்லன் கொன்னு, உடம்பை பொம்மை சைஸுக்கு சுருக்கி கார் சீட்டுல போட்டுட்டுப் போயிடுறான். அத்தை செத்துப் போச்சு, வேலைக்கு முதல் நாளே லேட்டு, எங்க இருக்கோம்னே தெரியாது, பக்கத்துல நிக்கிற மூணு பேரும் வேற வேற கிரகத்துக்காரங்க. இந்த நிலமைல நீங்களும் நானும் என்ன பண்ணியிருப்போம்? நான் கதவைத் திட்டுறதோட நிறுத்தியிருக்க மாட்டேன்.

அந்த சீரியல்ல டாக்டரோட சுத்துன மத்தவங்கள்ல பாதிப் பேர் ஆசைப்பட்டு ஏறினவங்க, இல்லன்னா போக்கிடம் இல்லாதவங்க. டீகனுக்கு போக்கிடம் இருந்துது, ட்யூட்டி இருந்துது. அவ கேட்டதெல்லாம் ஒண்ணே ஒண்ணு, என்னை ஹீத்ரோல இறக்கி விடு. அந்த டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு தடவை சரியா ஹீத்ரோ இருக்கற எடத்துலயே கொண்டுபோய் நிறுத்துறாரு, வருஷம்தான் தப்பு, 1666. அந்தக் கதை முடியறப்ப லண்டன் மாநகரமே பத்தி எரியுது, டீகன் இன்னும் அதே ஊதாக் கலர் யூனிஃபார்ம்ல நிக்கிறா. கிட்டத்தட்ட முழு சீசனும் அந்த ஒரு செட் துணிதான் அவளுக்கு. கடைசில நெஜமாவே ஹீத்ரோ வந்து சேர்ந்தப்ப, அவ ஏர்போர்ட்டைச் சுத்திப் பாத்துட்டு வர்றதுக்குள்ள வண்டி கிளம்பிப் போயிடுது. அடுத்த சீசன்ல ஆம்ஸ்டர்டாம்ல திரும்ப மாட்டுறா, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க, இனிமே நீங்க என்னைக் கழட்டி விட முடியாதுன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, டாக்டர் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும்.

இப்ப நடிச்சவங்களுக்கு வர்றேன். ஜேனட் ஃபீல்டிங், 1953ல பிரிஸ்பேன்ல பொறந்தவங்க, குயின்ஸ்லாந்து யூனிவர்சிட்டில படிச்சவங்க, 70கள் முடியறப்ப நாடகம் வழியா பிரிட்டன் வந்து சேர்ந்தாங்க. டிவில சின்னச் சின்ன ரோல் பண்ணிட்டிருந்தப்பதான் இந்த சீரியலோட ப்ரொட்யூசர் ஜான் நேதன்-டர்னர் ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு கேரக்டர் யோசிச்சுக்கிட்டிருந்தாரு. அதுல கொஞ்சம் வியாபாரக் கணக்கும் உண்டு, ஆஸ்திரேலியாவுல சீரியல் நல்லா ஓடிக்கிட்டிருந்த சமயம் அது. பேரு வந்த கதைதான் கூத்து. டீகனா ஜோவங்காவான்னு ரெண்டு பேர்ல ஒண்ணு முடிவு பண்ணலாம்னு பேப்பர்ல எழுதி வெச்சிருந்தாராம், ஜோவங்காங்கறது யூகோஸ்லாவியா அதிபர் டிட்டோவோட மனைவி பேரு, ஸ்க்ரிப்ட் எடிட்டர் அதைப் பாத்துட்டு முதல் பேரும் குடும்பப் பேரும்னு சேர்த்துப் படிச்சுட்டாரு. அப்படியே நின்னுடுச்சு.

ஆக்சென்ட் காது வலிக்குதுன்னீங்க. அந்த நாள்ல பிரிட்டிஷ்காரங்களுக்கும் வலிச்சுது, அதுதான் விஷயமே. நெய்பர்ஸ்ங்கற ஆஸ்திரேலிய சீரியல் பிபிசில ஆரம்பிச்சது 1986ல, அதுக்கப்புறம்தான் அந்தப் பேச்சு தினமும் அவங்க வீட்டு ஹால்ல கேட்டு பழகிப் போச்சு. இவங்க வந்தது அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி. அதுக்கும் முன்னாடி வந்த ஆஸ்திரேலிய நடிகைங்க நிறைய பேர் கப்பல்ல இருந்து இறங்கின கையோட தன் பேச்சைக் கழுவி விட்டுட்டு லண்டன் மேட்டுக்குடி இங்கிலீஷ் கத்துக்கிட்டவங்க.

கோரல் ப்ரவுன்னு ஒருத்தங்க, மெல்போர்ன் பக்கம் பொறந்து 1934ல லண்டன் போய் அப்படி மாறினவங்கதான், பேச்சைக் கேட்டா பரம்பரை பரம்பரையா லண்டன்ல இருந்த மாதிரி இருக்கும். 1958ல நாடகக் குழுவோட மாஸ்கோ போனப்ப, பிரிட்டனுக்கு துரோகம் பண்ணிட்டு ரஷ்யாவுக்கு ஓடிப்போன உளவாளி கை பர்ஜஸ் இவங்களைப் பாத்து, லண்டன்ல என் டெய்லர்கிட்ட சூட் தைக்கக் குடுங்கன்னு தன் அளவைக் குடுத்து அனுப்பினாரு, அதை 25 வருஷம் கழிச்சு 1983ல பிபிசி படமா எடுத்தப்ப இவங்களே தன்னோட ரோலை நடிச்சு பாஃப்டாங்கற பிரிட்டிஷ் சினிமா, டிவி அவார்டு வாங்கினாங்க. எழுபது வயசுல, நாப்பத்தஞ்சு வயசு தன்னை. அதைப் பத்தித் தனியாவே எழுதணும், இப்ப வேணாம், பாதை மாறிடும். நான் சொல்ல வந்தது, அதே 1983ல அதே பிபிசில ஒரு ஆஸ்திரேலியாக்காரங்க ஊர்ப் பேச்சோட தடம்கூட இல்லாம நடிக்கிறாங்க, இன்னொருத்தங்களுக்கு அந்தப் பேச்சை விட்டா வேலையே இல்ல. ஜேனட் ஃபீல்டிங் அந்தப் பேச்சைத்தான் வித்து சாப்பிட்டாங்க, அதே பேச்சுக்காகத்தான் கிண்டலும் வாங்கினாங்க.

கிண்டல்னா சீரியலுக்குள்ளயே உண்டு. ஃப்ரான்டியோஸ்னு 1984ல ஒரு கதை, அதுல டீகனை வில்லன்கிட்ட இருந்து காப்பாத்தறதுக்காக இது மனுஷி இல்ல, ரோபோன்னு டாக்டர் பொய் சொல்லுவாரு, சல்லிசா கிடைச்சுது, நடை சரியில்ல, அப்புறம் அந்த ஆக்சென்ட் வேறன்னு. அப்ப டீகன் முகத்தைப் பாருங்க, காட்டிக்கவும் முடியாது, ரோபோவாச்சே, கோபமும் பொங்குது. ஒரு டயலாக் கிடையாது. என்ன நடிப்புன்னு கேட்டீங்களே, இதுக்கே ஒரு மார்க் போடலாம். இன்னொரு கதைல இதைவிட அபத்தம், விண்கலத்துல ஒரு ஆஸ்திரேலியப் பழங்குடி மனுஷர் இருக்காரு, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பூமில இருந்து தூக்கிட்டுப் போன ஆளு, அவர் பேசுறது யாருக்கும் புரியல, டீகனுக்கு மட்டும் புரியுது, பதிலும் சொல்றா. வெள்ளைக்காரங்க போய் இறங்கினப்ப அந்தக் கண்டத்துல 250 மொழிக்கு மேல இருந்துது. எழுதினவருக்கு ஆஸ்திரேலியான்னா ஒரே தெரு போல.

சரி, நடிப்பு. கிண்டான்னு 1982ல வந்த கதை. எழுதின கிறிஸ்டோபர் பெய்லி பௌத்தர், அதனால பேரெல்லாம் நமக்கு பழக்கமானதா இருக்கும். கிரகத்துக்குப் பேரு தேவ லோகா. ஆளுங்க பேரு கருணா, பன்னா. டீகன் காட்டுல காத்துல ஆடுற மணிகளுக்குக் கீழ தூங்கிப் போயிடுறா, கனவுக்குள்ள ஒரே இருட்டு, அங்க துக்கா, அனத்தா, அனிச்சான்னு மூணு பேரு. துக்கமும் அநாத்மாவும் அநித்தியமும் ஆளா வந்து உக்காந்திருக்கு, அதுல ரெண்டு செஸ் விளையாடிக்கிட்டிருக்கு. இங்கிலாந்துல சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே டிவி பாத்த எத்தனை பிள்ளைங்களுக்கு இது புரிஞ்சிருக்கும்னு தெரியல. இவங்களுக்குப் பின்னாடி இருக்கற தீயசக்திக்குப் பேரு மாரா. ஆமா, மணிமேகலை படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச அதே மாரன்தான்.

அந்தக் கனவுல துக்கா டீகனை என்ன பண்றான்னா, அவளையே இன்னொண்ணா எதிர்ல நிறுத்துறான். ரெண்டு டீகன், யாரு நெஜம்னு அவளுக்கே தெரியல. முதல்ல வழக்கம்போல எகிறுறா, அப்புறம் வாக்குவாதம், அப்புறம் குரல் இறங்குது, கடைசில சரின்னு சொல்லி உடம்பை விட்டுக் குடுக்குறா, அவன் கைல இருக்கற பாம்பு அவ கைக்கு நெளிஞ்சு வந்து ஏறுது. எழுந்ததும் வேற ஆளு. மரத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டு கீழ நிக்கிறவன் தலைல ஒவ்வொரு ஆப்பிளா போட்டுட்டு சிரிக்கிறா. அலறல் கிடையாது, கண்ணை உருட்டல, நம்ம ஊர் சாமியாட்ட சீன்ல போடுற எதுவும் இல்ல. சும்மா ஒரு சோம்பல், ஒரு கெட்ட சந்தோஷம். எப்பவும் பரபரன்னு பேசுற பொண்ணு பேச்சைக் குறைச்சாலே பயமா இருக்கும்ங்கறது அந்த சீன்லதான் எனக்கு ஒறைச்சுது. அத்தனை எபிசோடா கத்தி வெச்சதெல்லாம் இங்க வந்து உதவுது.

அடுத்த வருஷம் ஸ்னேக்டான்ஸ்னு இதோட ரெண்டாவது பாகம், கிரகத்துப் பேரு மனுஸ்ஸா, அதுல இன்னும் நெறைய வேலை அவங்களுக்கு. ஆனா எனக்கு முதல் பாகம்தான் ஒசத்தி.

ஒரு எச்சரிக்கை சொல்லிடுறேன், கிண்டா க்ளைமாக்ஸ்ல ஒரு ராட்சசப் பாம்பு வரும். ரோஸ் கலர்ல, காத்தடிச்ச ரப்பர் மாதிரி. வருஷக்கணக்கா ரசிகர்களுக்கு அது தீராத அவமானம், அப்புறம் டிவிடி போட்டப்ப கம்ப்யூட்டர்ல வேற பாம்பு செஞ்சு, வேணும்னா அதோட பாத்துக்கலாம்னு வசதி வெச்சாங்க. நண்பர் ஒருத்தர் லண்டன்ல இருந்து கொண்டுவந்து குடுத்த டிவிடிகள்லதான் நான் இதெல்லாம் பாத்தது. அந்த டிவிடிகள்ல ஆடியோ கமென்டரின்னு ஒண்ணு இருக்கும், படம் ஓட ஓட நடிச்சவங்களே உக்காந்து பேசுவாங்க, டாக்டரா நடிச்ச பீட்டர் டேவிசன், டாக்டரோட சுத்துற இன்னொரு பொண்ணு நிஸாவா நடிச்ச சாரா சட்டன், அப்புறம் ஃபீல்டிங். நேர்மையா சொல்றேன், சில கதைங்களுக்கு கதையைவிட அந்தப் பேச்சுதான் நல்லாயிருக்கும். செட்டு, துணிமணி, ராட்சசங்க, தன் சொந்த நடிப்பு எதையும் விட்டு வைக்க மாட்டாங்க ஃபீல்டிங். எர்த்ஷாக் கதைல டீகன் தன்னைப் பத்தி கால் முளைச்ச வாய்னு சொல்லிக்குவா, நடிச்சவங்களுக்கும் அது பொருந்தத்தான் செய்யுது. பொம்பளை கேரக்டர்களுக்கு அந்த சீரியல்ல மாட்டி விட்ட துணியைப் பத்தியும், காரிடார்ல ஓடவும் கேள்வி கேக்கவும் மட்டும் விட்டதைப் பத்தியும் பல வருஷமா வெளிப்படையா சொல்லிட்டு வர்றாங்க.

டீகன் போன விதமும் அவளுக்கு ஏத்த மாதிரிதான். 1984, டேலக்குங்கற உலோகக் கூட்டுக்குள்ள இருக்கற வில்லனுங்க வர்ற கதை, சுத்தி ஒரே சாவு, லண்டன் தேம்ஸ் ஓரத்து பழைய குடோன்ல நின்னுக்கிட்டு இது இப்ப சந்தோஷமா இல்ல டாக்டர்னு சொல்லிட்டு ஓடிடுறா. கல்யாணம் இல்ல, தியாகம் இல்ல. வேலையை விட்டுட்டேன், அவ்வளவுதான்.

என்ன ஆனாங்கன்னு கேட்டீங்க. 90கள் ஆரம்பத்துலயே நடிப்பை மூட்டை கட்டிட்டாங்க. சினிமா, டிவில வேலை பாக்குற பெண்களுக்கான ஒரு அமைப்போட பிரிட்டிஷ் கிளைல கொஞ்ச காலம், அப்புறம் நடிகர்களுக்கு ஏஜென்ட். அதுல ஒரு வேடிக்கை, 1996ல டாக்டர் ஹூவை டிவி படமா எடுத்தப்ப எட்டாவது டாக்டரா (அந்த ரோலுக்கு ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க) நடிச்ச பால் மெகானோட ஏஜென்ட் இவங்கதான். ஒரு காலத்துல டாக்டர்கிட்ட இறக்கி விடு இறக்கி விடுன்னு கெஞ்சினவங்க, டாக்டருக்கே கான்ட்ராக்ட் பேசுற எடத்துக்கு வந்துட்டாங்க. அப்புறம் இங்கிலாந்துல ராம்ஸ்கேட்ங்கற ஊர்ல ஒரு தொண்டு திட்டம் நடத்தினாங்க, நடுவுல கேன்சர் வந்து அதுல இருந்தும் மீண்டு வந்தாங்க.

2022 அக்டோபர்ல, பிபிசியோட நூறாவது வருஷத்துக்கு எடுத்த ஸ்பெஷல் எபிசோட்ல திரும்பவும் டீகனா வந்தாங்க. 38 வருஷம் கழிச்சு. முடி நரைச்சிருக்கு, வாய் நரைக்கல. அதுல ஒரு சீன்ல பீட்டர் டேவிசன் ஹோலோகிராமா வந்து நிப்பாரு, அவருக்கும் வயசாயிடுச்சு, அந்தக் காலத்துல எப்பவும் சொல்றதையே சொல்லுவாரு, தைரியமா இரு டீகன்னு. அவங்க முதல்ல சண்டைக்குத்தான் போறாங்க, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை இல்லையேன்னு. சீரியல்ல பழைய ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து கண்ணீர் வரவைக்கிற வித்தை எனக்கு பொதுவா புடிக்காது, அந்த எபிசோடும் மொத்தத்துல ஒரே களேபரம்தான், ஆனா அந்த ரெண்டு நிமிஷத்தை நான் மூணு தடவை பாத்தேன்.

நீங்க திரும்பப் பாக்குறதா இருந்தா லாகோபோலிஸை நாலு எபிசோடும் இழுத்துக்கிட்டு உக்காராதீங்க, கார் பஞ்சர் ஆகுற முதல் எபிசோட் போதும். நேரா கிண்டாவுக்குப் போயிடுங்க, அதுவும் நாலு எபிசோடுதான், ஒண்ணொண்ணும் 25 நிமிஷம். பாம்பு வர்றப்ப பழைய ரப்பர் பாம்போடவே பாருங்க.