வாசகர் கேள்வி: புதுப் பயிற்றுநர் வந்தால் புது ஆட்டக்காரர் வேண்டுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் லிவர்பூல் கால்பந்து அணி ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை. புதுப் பயிற்றுநர் என்றால் புது ஆட்டக்காரர்களை வாங்கியே தீர வேண்டுமா, ஐயா?
– தோட்டத்து வாசகர்

பதில்: தேவையில்லை, தம்பி. 2024இல் லிவர்பூல் பயிற்றுநர் யூர்கன் குளோப் போய் ஆர்னே ஸ்லாட் வந்தார். நடுக்களத்துக்கு அவர் விரும்பிய சுபிமெண்டி வர மறுத்துவிட்டார். அந்தப் பருவத்தில் களமிறங்க வாங்கியது கியேசா ஒருவரைத்தான். அவரும் பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். ஸ்லாட் புலம்பவில்லை. முந்தைய ஆண்டு குளோப் வாங்கிவைத்திருந்த கிராவன்பெர்க்கைத் தற்காப்புக்கு முன்னால் நிறுத்தினார். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அதுதான். பந்தை வாங்கி, முதுகில் எதிராளி இருக்கும்போதே திரும்பி ஓடும் அந்த இளைஞரைப் பாருங்கள்! முன்கள ஆட்டக்காரர் சாலா கோல் மழை பொழிந்தார். 2025 ஏப்ரலில் டோட்டன்ஹாமை 5-1 என வீழ்த்தி, 4 ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே 20ஆவது இங்கிலாந்து லீக் பட்டம் வந்துவிட்டது.

பணத்தைக் கொட்டியது அடுத்த பருவத்தில்தான். முன்கள ஆட்டக்காரர் இசாக்குக்கு மட்டும் 12.5 கோடி பவுண்டு! தடுமாற்றமும் அதே பருவத்தில்தான் தொடங்கியது. கடையில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் எப்போது மீளும்?
– தஞ்சோங் மாலிம் வாசகி

பதில்: 2013இல் அந்த அணியின் பயிற்றுநர் பெர்குசன் ஓய்வுபெற்றதிலிருந்து இதே கேள்விதான் அம்மா வருகிறது. அடுத்த கடிதத்தைப் பிரிக்கிறேன்.