சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

கேள்வி: என் மாமனாருக்கு 61 வயது. 30 வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். வாசலில் லாரி வந்து நின்றால் அவருக்குக் கேட்கிறது, பக்கத்தில் நின்று "மாமா, சாப்பிட வாங்க" என்றால் கேட்பதில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் "எதுக்குக் கத்துற?" என்று கோபம். வேண்டியது மட்டும் காதில் விழுகிறதோ என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம். டாக்டரிடம் கூப்பிட்டால், "நான் என்ன செவிடா? நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்கிறார். என் கணவரும் இப்போது அதே பட்டறையில்தான் வேலை செய்கிறார். என்ன செய்வது?
வாசகி, குமாரபாளையம்

பதில்: உங்கள் மாமனார் நடிக்கவில்லை, முதலில் அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். நீங்கள் வாய்க்குள் பேசுகிறீர்கள் என்று அவர் சொல்வதும் அவரளவில் உண்மைதான், அவர் காதுக்கு அப்படித்தான் வந்து சேர்கிறது.

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில், ஒரு காதுக்குச் சுமார் 15,000 என்ற கணக்கில், மெல்லிய மயிரிழை கொண்ட செல்கள் இருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. நாடா அடிக்கும் பட்டறையில் சத்தம் 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், அதில் வருடக்கணக்கில் நின்றால் முதலில் சாவது கீச்சென்ற மேல்சுருதியைப் பிடிக்கும் செல்கள்தான், அதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை. வயதும் அதே மேல்சுருதியைத்தான் அரிக்கிறது. லாரியின் உறுமல் தாழ்ந்த சுருதி, அதனால் அது கேட்கிறது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற ஒலிகளின் கனம் கீழே இருக்கிறது. ச, க, த என்று ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் நுணுக்கமோ மேலே இருக்கிறது. அது போய்விட்டால் நீங்கள் "காசு" என்றாலும் "காது" என்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஆண்கள் பேசுவதைவிட உங்கள் பேச்சும் பேரப்பிள்ளைகள் பேச்சும் அவரைச் சிரமப்படுத்துவதும் இதனால்தான், மிக்ஸி ஓடினால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் அந்தக் கோபம். இந்த வகைக் காதில் மெல்லிய சத்தம் விழாது, ஆனால் கொஞ்சம் கூட்டினால் சட்டென்று குத்தும்; வசதியாகக் கேட்கக்கூடிய இடைவெளி சுருங்கிப்போயிருக்கும். ஆகவே கத்துவதில் பயனில்லை. எதிரில் வந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்று, முதலில் கூப்பிட்டு அவர் திரும்பிய பிறகு நிதானமாகச் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

டாக்டரிடம் அழைக்கும்போது "காது கேட்கல" என்று ஆரம்பிக்காமல், "காதுல அழுக்கு இருக்கான்னு பார்த்துட்டு வந்துரலாம், மாமா" என்று கூப்பிடுங்களேன். இது பொய்யில்லை, அழுக்கு அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் நாங்களும் முதலில் பார்ப்போம். அதன் பிறகு சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எந்தச் சத்தம் எவ்வளவு மெலிதாகக் கேட்கிறது என்று பார்ப்பார்கள், வலி கிடையாது, ஊசி கிடையாது. கையில் ஒரு வரைபடம் தருவார்கள், அதில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. அதைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் உதவும். உங்கள் ஊருக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை எட்டும் தூரம்தான்.

இந்தப் பாதிப்புக்கு மருந்து கிடையாது, காது கேட்கும் கருவிதான் வழி. ஆனால் அந்த வரைபடத்தைப் பார்த்து அவருக்கு எந்தச் சுருதி குறைவோ அதை மட்டும் கூட்டும்படி அமைத்த கருவியாக இருக்க வேண்டும், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வருவது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும், இருக்கிற கோபம் இரட்டிப்பாகும். 2016 சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். அது இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் கருவிக்கு மனு போடலாம். 60 வரவில்லை என்பதற்காகக் கருவியே தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம், 40 இருந்தாலே வீட்டுப் பேச்சு தடுமாறும்.

உங்கள் கணவர் விஷயம்தான் எனக்கு இன்னும் அவசரமாகப் படுகிறது, ஏனென்றால் அவர் காதைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. பட்டறையில் பஞ்சைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள், அதனால் ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை. நுரையால் செய்த காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், அதை உருட்டி ஒடுக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அவருக்கும் ஒரு பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் எழுந்தபோது ஒரு காது அடைத்துக்கொண்டது, இன்றோடு 4 நாள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டேன், சரியாகவில்லை. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா?
வாசகர், திருநெல்வேலி

பதில்: இதழ் அச்சாகும்வரை இந்தக் கடிதம் காத்திருக்கக்கூடாது என்பதால், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே. வெறும் அழுக்காக இருக்கலாம், சளியாக இருக்கலாம், ஆனால் உள்காதே திடீரென்று கேட்பதை நிறுத்திவிடுவதும் உண்டு, அடைத்த மாதிரித்தான் அதுவும் இருக்கும். எது என்று வீட்டில் பிரிக்க முடியாது. உள்காது என்றால் ஸ்டீராய்டு கொடுப்போம், முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. அன்றைக்கே போங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம்.

கேள்வி: பாட்டிக்குக் கருவி வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் போட்டுவிட்டு "இரைச்சலா இருக்கு" என்று பீரோவில் வைத்துவிட்டார்.
வாசகி, காரைக்குடி

பதில்: பல வருடம் கேட்காமலிருந்த ஃபேன் சத்தமும் பாத்திரச் சத்தமும் ஒரே நாளில் திரும்பி வந்தால் யாருக்கும் இரைச்சல்தான். அமைதியான நேரத்தில் தினம் ஒரு மணி நேரம், ஒரே ஒருவரோடு பேசும்போது மட்டும் என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள், பிறகு கூட்டலாம். வாங்கிய இடத்துக்கே திரும்பப் போய் அமைப்பைத் திருத்தச் சொல்லுங்கள், இரண்டு மூன்று தடவை போக வேண்டித்தான் இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கருவியைத் தொடக்கூடாது, குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். பித்தான் பேட்டரி போடும் வகை என்றால், அதன் மேலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்று படவிட்டுப் போடுங்கள். உரித்துவிட்டால் போடாமல் வைத்தாலும் தீரும் என்பதால், ஒரு அட்டையையும் மொத்தமாக உரித்து வைத்துவிடாதீர்கள்.