குண்டுச் செய்தியும் படிக்கப் போகும் பிள்ளையும்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்துகிறேன். பாஸ்போர்ட், விசா, கல்லூரிச் சேர்க்கை என்று வருகிறவர்களுக்கு மாலையில் விண்ணப்பம் நிரப்பித் தருவதும் என் வேலையாகிவிட்டது. இந்த முறை கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: எங்கே பார்த்தாலும் தாக்குதல் நடக்கும்போது பிள்ளையை எப்படி அனுப்புவது? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு தாய், எருத்தேம்பதி: மகனுக்கு ரஷ்யாவில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மாஸ்கோவில் பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்களே, அந்த நாட்டுக்கு அனுப்பலாமா மாஷ் (வாத்தியாரே)?

அது 2024 மார்ச் 22 அன்று குரோகஸ் சிட்டி ஹால் அரங்கில் நடந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த ஊர்க் கல்லூரி என்று சீட்டில் எழுதவே இல்லையே அம்மா! உதாரணத்துக்கு ரஷ்யாவின் கசான் நகரம் என்றால், அது மாஸ்கோவிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நாம் இங்கிருந்து வடக்கே போனால் கர்னூலைத் தாண்டிவிடுவோம். கர்னூலில் ஏதாவது நடந்தால் எருத்தேம்பதியில் பள்ளிக்கூடத்தை மூடுவோமா?

கூர்ஸ்க் என்று சொல்லியிருந்தால் என் பதில் வேறு. அங்கேயும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் உக்ரைன் எல்லை பக்கத்திலேயே. 2024 ஆகஸ்டில் சண்டை அந்த மாகாணத்துக்குள் வந்தபோது, கூர்ஸ்க், பெல்கரோத், பிரியான்ஸ்க் பகுதிகளில் இருந்த இந்தியர்களைத் தற்காலிகமாக வேறு இடத்துக்குப் போகும்படி நம் தூதரகமே சொன்னது. நீங்கள் கேட்க வேண்டியது கச்சேரி அரங்கைப் பற்றி அல்ல, போர் எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று.

இன்னொன்று, முகவர்கள் பலர் வாயே திறக்காத விஷயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். படிப்பு முழுவதும், அதற்குப் பின் 12 மாதப் பயிற்சியும், ஒரே கல்லூரியில் முடிய வேண்டும். பயந்து பாதியில் திரும்பினால் மீதியை இங்கே படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2022-ல் உக்ரைனிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்த பிள்ளைகள், அதற்குப் பிறகு இந்தப் படிப்பு விவகாரத்தில்தான் நீதிமன்றம் வரை அலைந்தார்கள். ஆகவே பயப்படுவதானால் பணம் கட்டுவதற்கு முன்னால் பயந்துவிடுங்கள். ஊர்ப்பெயரோடு வந்து என்னைப் பாருங்கள்.

கல்லூரி மாணவர், நல்லேப்பிள்ளி: பகல்காம் தாக்குதலுக்குப் பின் எங்கள் துறையின் காஷ்மீர்ப் பயணத்தை ரத்து செய்துவிட்டு மூணாறுக்குக் கூட்டிப்போனார்கள். இது கோழைத்தனம் இல்லையா?

ரத்து செய்ததில் தவறில்லை. 2025 ஏப்ரல் 22 அன்று பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரமே காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ அரசே மூடிவிட்டது. போயிருந்தாலும் விடுதி அறையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் கேட்பது வேறு. மூணாறுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? ஓட்டுநர் முந்தின இரவு தூங்கியிருந்தாரா? வண்டியில் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி வேலை செய்ததா? யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காஷ்மீர் இல்லை என்றதும் எல்லோருக்கும் மனம் நிம்மதியாகியிருக்கும்.

2022 அக்டோபர் 5 இரவை நம் பாலக்காட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. எர்ணாகுளம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊட்டிக்குப் போன சுற்றுலா பஸ், வடக்கஞ்சேரியில் கோயம்புத்தூர் போய்க்கொண்டிருந்த அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசு பஸ்ஸில் வந்த மூன்று பேர் என ஒன்பது உயிர் போயிற்று. வண்டி மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. பள்ளிச் சுற்றுலாவில் இரவுப் பயணம் கூடாது என்ற விதி அப்போதே இருந்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவராவது ஊட்டியை ஆபத்தான ஊர் என்று நினைத்திருப்பார்களா?

கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதையே கணக்காகப் போட்டிருக்கிறார். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். அடுத்த ஓர் ஆண்டில் அதனால் கூடுதலாகச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்பது அவருடைய மதிப்பீடு. இதைச் சொன்னால் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்புவதில்லை. பஸ் நமக்குப் பழகிய பிராணி, அதுதான் காரணம்.

தகப்பனார், கோபாலபுரம்: இரட்டைக் கோபுரம் விழுந்து இத்தனை வருடமாகியும் அமெரிக்க மாணவர் விசாவில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

விமானத்தைக் கடத்தியவர்களில் ஒருவன் மாணவர் விசாவில் உள்ளே வந்தவன். அதைவிட அவமானம் ஆறு மாதம் கழித்து நடந்தது. இறந்துபோன கடத்தல்காரர்கள் இருவரின் மாணவர் அனுமதி பற்றிய கடிதம், 2002 மார்ச்சில், அவர்கள் விமானம் ஓட்டக் கற்ற புளோரிடாப் பள்ளிக்குத் தபாலில் வந்து சேர்ந்தது! அந்தச் சிரிப்புக்கும் கோபத்துக்கும் பிறகு, வெளிநாட்டு மாணவர் ஒவ்வொருவரையும் கணினியில் பின்தொடரும் செவிஸ் முறை 2003-ல் கட்டாயமானது. இன்று அதற்கு நீங்கள் கட்டுவது 350 டாலர். 2025 ஜூன் முதல் சமூக ஊடகக் கணக்குகளையும் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

2003-04 கல்வியாண்டில் அங்கே வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கை 2.4 சதவீதம் குறைந்தது. முப்பது ஆண்டுகளில் அப்படிக் குறைந்ததில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் இந்திய மாணவர்கள் கூடிக்கொண்டேதான் போனார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிப்பதும் குறையவில்லை. என் பார்வையில், குண்டைவிடக் குண்டுக்குப் பிந்தைய விதிகள்தான் அதிகம் பேரைத் தடுத்தன.

மாணவி, புதுநகரம்: என் பெயரைப் பார்த்து விமான நிலையத்தில் தனியாக நிறுத்துவார்களா? அம்மா அதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்.

நிறுத்தலாம் அம்மணி, பொய் சொல்ல மாட்டேன். அமெரிக்கா போகும் விமானத்தின் போர்டிங் பாஸில் நான்கு ‘எஸ்’ எழுத்து அச்சாகியிருந்தால் கூடுதல் சோதனை உண்டு. ஐ-20 படிவம் (சேர்க்கைக்கு அமெரிக்கக் கல்லூரி தருவது), கல்லூரிக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்டால் எடுக்க முடியாது. அடுத்த விமானத்துக்கு இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள்.

தாக்குதல் நடந்த பிறகு எழுகிற கோபம் தலைப்பாகைக்கும் தாடிக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. 2001-ல் தாக்குதல் நடந்த நான்காம் நாள் அரிசோனாவில் கொல்லப்பட்ட பல்பீர் சிங் சோதி ஒரு சீக்கியர். வெளிநாட்டை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பகல்காமுக்குப் பிறகு நம் நாட்டிலேயே காஷ்மீர் மாணவர்கள் சிலர் விடுதியை விட்டுப் போகும்படி மிரட்டப்பட்டார்கள். உங்கள் அம்மாவின் பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே படிக்கிற, உங்களைப் போன்ற ஒரு பெண்ணோடு அவரைப் பேச வையுங்கள்.

ஒரு சகோதரர், மீனாட்சிபுரம்: நாம் கேரளத்தில் இருக்கும் தமிழர். ஆபத்து என்றால் எந்த அரசு பார்க்கும்?

பேசும் மொழியை யாரும் கேட்க மாட்டார்கள், பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிதான் கணக்கு. உங்களுக்கு நோர்க்கா, அதாவது வெளியூர், வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவருக்கான கேரள அரசுத் துறை. மாணவர்களுக்கென்றே அடையாள அட்டை தருகிறார்கள், வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் ‘மதத்’ இணையதளத்திலும் போய்ச் சேர்ந்ததும் பதிய வேண்டும். 2014-ல் ஈராக்கின் திக்ரித்தில் மாட்டிக்கொண்ட 46 செவிலியர்கள் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் வந்து இறங்கியது நினைவிருக்கும். யார், எங்கே என்று தெரிந்தால்தானே தேட முடியும்? காப்பீட்டுப் பத்திரத்தில் ‘விலக்குகள்’ என்ற பக்கத்தில் போரும் பயங்கரவாதமும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பெரியவர், வடகரப்பதி: ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறீர்கள். உங்களுக்குப் பயமே இல்லையா?

1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் தொடர்ந்து குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தபோது நான் அங்கே கல்லூரி விடுதியில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து அப்பா வந்து, படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னை வேலந்தாவளம் பஸ்ஸில் ஏற்றினார். ஒரு மாதம் கடலைக்காட்டில் இருந்தேன். செய்முறைத் தேர்வு போயிற்று; அதை எழுதி முடிக்க இன்னொரு வருடம் ஆனது. அப்பாமீது ரொம்ப நாள் கோபம் இருந்தது.

2022 தீபாவளிக்கு முந்தின நாள் கோட்டைமேட்டில் கார் வெடித்தது. மகள் அதே கோயம்புத்தூரில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள், பண்டிகைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். விடுமுறை முடிந்து பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்து நின்றது, நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார். அவளுடைய பை என் தோளிலேயே இருந்தது. அவள்தான் இழுத்து வாங்கிக்கொண்டு ஏறினாள்.