தெளிவாகக் கலக்கும் வேப்பெண்ணெய்தான் சுத்தமானதா?

கேள்வி: மாடியில் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி. 'தண்ணீரில் கலக்கும் வேப்பெண்ணெய்' ஒரு பாட்டில் வாங்கினேன். ஊற்றினால் பால் மாதிரி ஆகிறது. அரை மணி நேரத்தில் எண்ணெய் மேலே மிதக்கிறது. கடைக்காரர் இரண்டு மடங்கு விலையில் இன்னொன்றைக் காட்டி, "இது கண்ணாடி மாதிரி தெளிவா கலக்கும் சார், அதுதான் சுத்தம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அதற்காக வாங்க வேண்டாம். சுத்தமான வேப்பெண்ணெய் தண்ணீரோடு சேரவே சேராது. சேர்கிறது என்றாலே உள்ளே சோப்பு மாதிரி ஒரு பால்மமாக்கி, அதாவது எண்ணெயைத் துளித்துளியாகத் தண்ணீரில் நிற்கவைக்கும் பொருள், இருக்கிறது. தெளிவு என்பது துளியின் அளவைக் காட்டுமே தவிர, சுத்தத்தை அல்ல. பெரிய துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. துளி ஏறத்தாழ 100 நானோமீட்டருக்கும் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே போனால் கலவை தெளிந்துவிடும். அப்படித் தெளிந்து நிற்கும் கலவையில் ஒரு வகைதான் மைக்ரோஎமல்ஷன்.

துளி சிறிதாகச் சிறிதாக மொத்தப் பரப்பு கூடும். அத்தனையையும் போர்த்த பால்மமாக்கி நிறைய வேண்டும். துணைக்குப் பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆல்கஹாலும் சேர்ப்பார்கள். ஆரஞ்சுத்தோல் எண்ணெய் போன்ற சின்ன மூலக்கூறு எண்ணெய்கள் இதற்குச் சுலபமாக மசியும். வேப்பெண்ணெயோ நீண்ட வால் கொண்ட கொழுப்பு, லேசில் மசியாது. ஆகவே தெளிவான பாட்டிலில் எண்ணெயைவிட மற்ற சரக்கு கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். பால்மமாக்கி மிகுந்தால் இலையின் மெழுகுப்பூச்சு கரைந்து இலை கருகலாம். எதை வாங்கினாலும் முதலில் இரண்டு இலையில் அடித்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் பாட்டில் ஏன் பிரிகிறது? போர் தண்ணீரா? சோப்பு வகைப் பால்மமாக்கி என்றால் உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் அதைத் திரிதிரியாக்கிவிடும். ஒரு டம்ளரில் கேன் தண்ணீர், இன்னொன்றில் போர் தண்ணீர் எடுத்து, இரண்டிலும் சில சொட்டு விட்டுப் பாருங்கள். கேன் தண்ணீரில் நின்றால் பாட்டில் மேல் குற்றமில்லை. இரண்டிலும் மிதந்தால் சரக்கு சரியில்லை, திருப்பிக் கொடுங்கள். பால் போல ஆவது மட்டும் குறையல்ல. கலக்கிய கையோடு, வெயில் தாழ்ந்தபின் அடித்தால் வேலை செய்யும்.

லேபிளில் பார்க்க வேண்டியது அசாடிராக்டின் அளவு; வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பொருள் அதுதான். 300, 1500, 10000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று போட்டிருப்பார்கள். பூச்சிக்கொல்லிப் பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா பாருங்கள். பிபிஎம் தெரியாமல் விலையை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அப்புறம், தெளிவானதையே வாங்கினாலும் மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள். சில பால்மமாக்கிகள் சூட்டில் தண்ணீரைப் பிடிக்கும் தன்மையை இழக்கும், பாட்டில் கலங்கிவிடும். நிழலில் ஆறியதும் தானாகத் தெளிந்தால் பயமில்லை. ஆறியும் இரண்டு அடுக்காகவே நின்றால் செடிக்கு அடிக்காதீர்கள்.